மூணு வருஷம் படிச்சும் காய்ச்சல் டாக்டர்தானா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர். ஒரே மகள். எம்பிபிஎஸ், சிஆர்ஆர்ஐ என்ற பயிற்சி மருத்துவர் காலம் இரண்டும் முடித்துவிட்டாள். முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பிஜியில் அவள் ரேங்குக்கு டிஎன்பி ஃபேமிலி மெடிசின், அதாவது குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு, கிடைக்கும், அதையே எடுக்கிறேன் என்கிறாள். இன்னொரு வருடம் படித்து ரேடியாலஜியோ தோல் மருத்துவமோ வாங்கேன் என்றால் கேட்கவில்லை. எங்கள் ஊரில் நாற்பது வருடம் வெறும் எம்பிபிஎஸ்ஸோடு பார்த்த டாக்டர் ஒருவர் இருந்தார். அவ்வளவு கைராசி. சளி, காய்ச்சல் பார்க்க எதற்கு மூன்று வருடப் படிப்பு? இதனால் நோயாளிக்கு நன்மை என்று யாராவது ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்களா? வரன் பார்க்க வருகிறவர்கள் ‘என்ன ஸ்பெஷாலிட்டி’ என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

பி.கு.: எனக்கே சர்க்கரைக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர் என்று மூன்று டாக்டர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்த மாத்திரை, முழங்கால் வலிக்கு அசிக்ளோஃபினாக் தினம் இரண்டு. எல்லாம் கன்ட்ரோலில் இருக்கிறது. ஒரு மாதமாகக் கால் வீக்கம் மட்டும் கொஞ்சம்.

பதில்:

அன்புள்ள சார்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை மகளுக்காக, இரண்டாம் தடவை பின்குறிப்புக்காக. அந்தப் பின்குறிப்பைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கடிதத்திலேயே அவசரமான விஷயம் அதுதான், ஆகவே பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

முதலில் உங்கள் ஊர் டாக்டர். கைராசியை நான் கிண்டல் செய்ய மாட்டேன். உங்கள் அம்மாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, பெரியப்பா எதில் போனார், எந்த வீட்டில் மருமகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். புதிதாக ஒருவர் அரைமணி நேரம் விசாரித்தாலும் கிடைக்காத தகவல் அது. ஒரே டாக்டரிடம் வருடக்கணக்காகப் போவதால் என்ன லாபம் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். நார்வேயில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு குடும்ப மருத்துவரின் பெயர் பதிந்திருக்கும். அங்கே சுமார் 45 லட்சம் பேரின் பதிவேடுகளை அலசி 2022இல் ஒரு ஆய்வு வெளியானது. ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, வந்து ஒரு வருடமே ஆனவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைவு. இறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. வருடம் கூடக் கூட, படிப்படியாக இந்த லாபமும் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

பதிவேட்டு ஆய்வுக்கு ஒரு பலவீனம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் மாறாமல், டாக்டரை மாற்றாமல் இருக்கிறவர்கள் மற்ற விஷயங்களிலும் நிதானமானவர்களாக இருக்கலாம். வயது, நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் இந்தச் சந்தேகம் முழுசாகத் தீராது. ஆனால் நார்வே மட்டும் இதைச் சொல்லவில்லை. 2018இல் இங்கிலாந்துக் குழு ஒன்று ஒன்பது நாடுகளிலிருந்து 22 ஆய்வுகளைத் திரட்டியது. அவற்றில் 18, தொடர்ந்து ஒரே டாக்டரிடம் போகிறவர்களிடையே இறப்பு குறைவு என்றே காட்டின. ஆக, உங்கள் ஊர்க்காரர்களின் நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது.

அப்படியானால் அனுபவமே போதுமே, படிப்பு எதற்கு என்பீர்கள். இங்கே என் கதையைச் சொல்கிறேன்.

எம்பிபிஎஸ் முடித்த கையோடு ஒரு சின்ன ஊரில், மாடியில், கிளினிக் போட்டேன். கீழே நகை அடகுக்கடை. அந்தக் கடைக்காரர்தான் என் முதல் வாடிக்கையாளர் என்றே சொல்லலாம். ‘கேஸ் டாக்டர், நெஞ்சுக்குழியில வந்து அடைக்குது’ என்பார். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் எழுதுவேன், ஒரு சிரப் கொடுப்பேன், காரத்தைக் குறைக்கச் சொல்வேன். எட்டு மாதத்தில் ஆறு தடவை வந்தார். ஏழாவது தடவை படியேறி வந்தவர் பேச முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து, ‘இப்ப விட்டுடுச்சு டாக்டர்’ என்று சிரித்தார். படியேறினால் வருகிற கேஸ், உட்கார்ந்தால் போகிற கேஸ்! அன்றே மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினேன். மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு. பைபாஸ் செய்து பிழைத்துக்கொண்டார்.

ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி, எனக்குத் தெரியாத பாடமில்லை. அதில் நல்ல மார்க் வாங்கியவன். ஆனால் ஆறு தடவையும் ‘எப்போது வருகிறது, எப்போது போகிறது’ என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. கல்லூரி வார்டில் நான் பார்த்த ஆஞ்சைனாக்காரர் எல்லாம் ஆஞ்சைனா என்ற சீட்டோடு கட்டிலில் படுத்திருந்தவர். கேஸ் என்ற பெயரில் ஆஞ்சைனா நடந்து வரும் என்பதை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. இன்னும் பத்து வருடம் அப்படியே உட்கார்ந்திருந்தால் பத்து வருடம் பான்டோப்ரசோல் எழுதிய அனுபவம்தான் கூடியிருக்கும்.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் விட்டுவிடலாம். அமெரிக்காவில் 2005இல், டாக்டரின் பணி வருடங்களுக்கும் அவர் தரும் சிகிச்சையின் தரத்துக்கும் என்ன தொடர்பு என்று 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில், வருடம் ஏற ஏற எல்லா அளவீட்டிலும் தரம் இறங்கியிருந்தது. பழைய பழக்கம் கையில் ஊறிவிடுகிறது, புதிய மாற்றம் காதில் விழுவதில்லை. வாத்தியார் வேலையிலும் இது உண்டுதானே சார்?

நம் நாட்டு நிலவரத்தை ஜிஷ்ணு தாஸ் என்ற பொருளாதார ஆய்வாளரும் அவர் குழுவினரும் வேறொரு வழியில் பார்த்தார்கள். நோயாளி மாதிரி நடிக்கப் பயிற்சி பெற்ற ஆட்களை மத்தியப் பிரதேசக் கிராமங்களிலும் டெல்லியிலும் கிளினிக் கிளினிக்காக அனுப்பினார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் நடிக்கிறார் என்று வைத்தியருக்குத் தெரியாது. அந்த நோய்களில் ஒன்று, கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஆஞ்சைனா. 2012இல் முடிவு வந்தது. கிராமப்புறத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைத்த நேரம் சராசரியாக 3.6 நிமிடம். சரியான சிகிச்சை கிடைத்தது சுமார் 30 சதவீதம் பேருக்கு. அங்கே வைத்தியம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவப் பட்டமே இல்லாதவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பட்டம் உள்ளவர்களும் பெருமைப்படும் அளவுக்கு அவர்களைவிட மேலே இல்லை.

அதே குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுருக்கென்று தைத்தது. அரசுப் பணியில் இருந்துகொண்டு சொந்த கிளினிக்கும் வைத்திருக்கும் டாக்டர்களிடம் இரண்டு இடத்துக்கும் ஆள் அனுப்பினார்கள். டாக்டர் ஒருவர்தான், நோயும் ஒன்றுதான். சொந்த கிளினிக்கில் கூடுதல் நேரம், கூடுதல் கேள்வி, சரியான மருந்தும் கூடுதல். தெரிந்ததற்கும் செய்வதற்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, மூன்று வருடப் படிப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் உங்களுக்குச் சத்தியம் செய்ய முடியாது. உங்கள் மகள் படித்து முடித்து, ஒரு நாளைக்கு இருநூறு டோக்கன் போடும் இடத்தில் உட்கார்ந்தால் அவரும் இரண்டு நிமிட டாக்டர்தான்.

சரி, அந்த மூன்று வருடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு பழைய கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1961இல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் போட்ட கணக்கு. ஒரு ஊரில் வயதுவந்தவர்கள் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் அவர்களில் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு வரும். 250 பேர் டாக்டரைப் பார்ப்பார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்வார்கள். 5 பேரை இன்னொரு டாக்டரிடம் அனுப்புவார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைவரை போகிறவர் ஒரே ஒருவர். அறுபது வருடம் கழித்தும் இந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. இப்போது யோசியுங்கள்: உங்கள் மகள் ஐந்தரை வருடம் மருத்துவம் கற்றது அந்த ஒருவரை வைத்து. இனி பார்க்கப் போவது அந்த 250 பேரை.

அந்த 250 பேரின் உலகம் வேறு. பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் தலைவலி ஏற்கெனவே நாலு இடத்தில் வடிகட்டப்பட்டு வந்தது, அதில் மூளைக்கட்டி இருக்க நியாயம் உண்டு. உள்ளூர் கிளினிக்குக்கு வரும் தலைவலியில் தூக்கமின்மை, கண் பவர், கடன், ஒற்றைத் தலைவலி என்று நூறு இருக்கும். கட்டி எப்போதாவது ஒன்று. எல்லோருக்கும் ஸ்கேன் எழுதுவது வைத்தியமில்லை. யாருக்கும் எழுதாமல் இருப்பதும் ஆபத்து. ‘இன்றைக்கு ஒன்றும் வேண்டாம், வியாழக்கிழமை வாங்க, நடுவில் வாந்தி வந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வாங்க’ என்று சொல்லி அனுப்புவதற்குத் தைரியம் வேண்டும், அந்தத் தைரியத்துக்குப் பின்னால் படிப்பும் வேண்டும். பிரிட்டனில் பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருட அடிப்படைப் பயிற்சி, அதற்கு மேல் மூன்று வருடம் இதற்கென்றே பயிற்சி முடித்தால்தான் ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர், என்று பலகை வைக்கலாம். அமெரிக்கா 1969லேயே இதைத் தனித் துறையாக ஏற்றுக்கொண்டது. நாம்தான் எம்பிபிஎஸ் முடித்தவுடன் ‘போய்ப் பார்த்துக்கோ’ என்று ஆற்றில் இறக்கிவிடுகிறோம்.

அப்புறம், கேட்பது. சுலபமாகத் தோன்றும். 1984இல் அமெரிக்காவில் டாக்டர் அறை உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டார். விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்களே என்ற பயம். ஸ்விட்சர்லாந்தின் பாசலில் அந்தப் பயம் நிஜமா என்று பார்த்தார்கள். 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டதில் சராசரியாக 92 நொடியில் அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். ஒன்றரை நிமிடம்! நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. சீட்டை வாங்கிக்கொண்டு கதவுவரை போய், கைப்பிடியில் கை வைத்து, ‘அப்புறம் டாக்டர்...’ என்று திரும்புவார்கள். முழங்கால் வலிக்கு வந்த அம்மா அங்கே நின்றுதான் மார்பில் தட்டுப்படும் கட்டியைச் சொல்வார். அந்த ‘அப்புறம்’ முதல் நிமிடத்திலேயே வெளியே வரும்படி பேசுவது கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று. நான் டிஎன்பி படித்தபோது என் உரையாடலை வீடியோ எடுத்துப் போட்டுக்காட்டினார்கள். ஒரு பாட்டியின் முகத்தை முதல் ஒரு நிமிடம் நான் பார்க்கவே இல்லை, பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகிவிட்டது.

கைராசிக்காரரிடம் பொதுவாக இல்லாத இன்னொன்று, நோட்டு. வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு குடும்ப மருத்துவர் இருந்தார். 1960களில் போய்ச் சேர்ந்தவர், கால் நூற்றாண்டு அங்கேயே இருந்தார். சளிக்கு வந்தாலும், சர்ட்டிபிகேட்டுக்கு வந்தாலும், வந்தவருக்கு பிபி பார்த்து எழுதிவைத்தார். யார் வரவில்லை என்று பட்டியல் போட்டுத் தேடிப்போனார். கடைசியில் கணக்குப் பார்த்தால் 65 வயதுக்கு முன் இறப்பவர்கள் பக்கத்து ஊரைவிட 28 சதவீதம் குறைவு. ஒரு பிபி கருவி, ஒரு பதிவேடு, ஊரை விட்டுப் போகாத ஒரு டாக்டர். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதே திசையில் ஒரு அடி. மாத்திரை வீட்டுக்கு வருகிறது, நல்ல காரியம். வருகிற மாத்திரை இன்னும் சரியான மாத்திரைதானா என்று பார்க்க ஊருக்கு ஒரு தெரிந்த டாக்டர் வேண்டும், அந்த இடம்தான் காலியாக இருக்கிறது.

இப்போது குறைகள். உங்கள் மகள் இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நாட்டின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் ஃபேமிலி மெடிசின் துறையே கிடையாது. இந்தத் துறையில் எம்டி படிப்பு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கியபோது நாங்கள் எல்லாம் கைதட்டினோம், ஆனால் பரவல் மெதுவாகத்தான் நடக்கிறது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை இந்தப் படிப்பை வளர்க்கச் சொல்கிறது, 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டமும் சொல்கிறது. காகிதத்தில் இருப்பது இன்னும் பணியிடமாக மாறவில்லை. பேராசிரியர் ஆக ஆசை என்றால் வழி குறுகல். வருமானம் ரேடியாலஜி பக்கம் வராது. ஆனால் கிளினிக் போட மேசை, கட்டில், ஈசிஜி மெஷின் போதும், கோடிக் கடன் வேண்டாம். மூன்று நான்கு வருடத்தில் நாலு தெரு குடும்பங்கள் உங்களை விட்டுப் போகாது.

சீட் கிடைப்பதைவிட எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது என்பது முக்கியம். டிஎன்பி என்றால் பொது மருத்துவம், குழந்தைகள், பிரசவம், அறுவை, எலும்பு, தோல், மனநலம் என்று சுற்ற வேண்டும். சில ஆஸ்பத்திரிகளில் சுற்றுவதற்குப் பதில் மூன்று வருடமும் கேஷுவாலிட்டியிலும் ஐசியுவிலும் டியூட்டி டாக்டராக நிற்க வைத்துவிடுவார்கள். ஆகவே கவுன்சிலிங்கில் பெயரைத் தட்டும் முன், மகள் அங்கே நேரில் போய் இரண்டாம் வருடம் படிக்கிறவர்களைக் கேன்டீனுக்கு அழைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்கட்டும்: ஃபேமிலி மெடிசின் ஓபி என்று தனியாக ஒன்று நடக்கிறதா, அதில் உட்காருகிற மூத்தவர் ஃபேமிலி மெடிசின் படித்தவரா, ஒரே நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று வந்தால் அந்த ஆஸ்பத்திரி வேண்டாம், அடுத்ததைப் பார்க்கலாம். ஒருவேளை நல்ல இடம் கிடைக்காவிட்டால், வேலை பார்த்தபடியே படிக்க வேலூர் சிஎம்சி 2006இலிருந்து நடத்தும் இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது. அது முதுநிலைப் பட்டத்துக்கு ஈடாகாது, ஆனால் அதில் படித்தவர்கள் கிளினிக்கில் உட்காரும் விதமே மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் யோசனைப்படி ஒரு வருடம் காத்திருக்கலாமா? மகளுக்கு உண்மையிலேயே ரேடியாலஜி பிடித்திருந்தால் காத்திருப்பதில் தப்பில்லை. பிடிக்காததற்காக ஒரு வருடம் அறையைப் பூட்டிக்கொண்டு நுழைவுத் தேர்வுக்கு எம்சிக்யூ (கொள்குறி வினா) போட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன், வேண்டாம்.

வரன் விஷயம். ‘என் பெண் ஃபேமிலி பிசிஷியன், பிறந்த குழந்தையிலிருந்து கொள்ளுத்தாத்தாவரை ஒரே ஆள் பார்ப்பாள்’ என்று சொல்லுங்கள். சம்பந்தி அம்மாள் அங்கேயே முழங்காலைக் காட்டத் தொடங்கிவிடுவார், அந்தத் தொல்லைக்கு மட்டும் தயாராக இருங்கள்.

இனி உங்கள் பின்குறிப்பு.

மூன்று டாக்டர்களும் அவரவர் நோய்க்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. டெல்மிசார்டான், தையசைடு, அசிக்ளோஃபினாக் மூன்றும் ஒரே உடம்பில் தினமும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மூன்று பக்கமிருந்து நெருக்கும். எங்கள் துறையில் இதை ‘மும்முனை அடி’ என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்தே எச்சரிப்பார்கள். வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரையும் ஏற்றும். ஒரு மாதக் கால் வீக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சிறுநீரகமே பழுதடையத் தொடங்கியிருக்கலாம், இதயமும் காரணமாக இருக்கலாம். கடிதத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மெட்ஃபார்மின் அளவையும் மாற்ற வேண்டிவரும்.

அசிக்ளோஃபினாக்கை இன்றோடு நிறுத்துங்கள், வலிக்குப் பாராசிட்டமால் எவ்வளவு என்பதை மகள் சொல்வார். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். நாளைக் காலையிலேயே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), பொட்டாசியம், சிறுநீரில் புரதம் மூன்றும் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால், ரிப்போர்ட் வந்ததும் மூன்று டாக்டர்களின் சீட்டுகளையும் அதோடு சேர்த்து உங்கள் மகளிடம் கொடுங்கள். எந்த டாக்டரிடம் முதலில் போக வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.